பெற்றுக்கொள்ளும் கல்வி

ஒரு நூலை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர் அதை எழுதியவரையும் உடன் அழைத்துவருகிறார். விருந்தினர் ஒருவரைத் தங்க வைக்குமுன் அவர் யார், எவ்வூரினர், எதற்காக வருகிறார் என்று எண்ணிப் பார்ப்பது நம் வழக்கம். நூலுக்கும் அந்த எண்ணம் வேண்டும். எல்லா நூலுக்கும் அது வேண்டும் எனினும், மறைபொருள் பேசும் நூல்களுக்கு இருமடங்காக வேண்டும். சில ஆண்டுகளாக என் மனத்தில் இருந்துவரும் இக்கருத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் நெய்வேலியில் நூலுக்குப் பஞ்சம் இல்லை. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றி, அதையொட்டி வட்டம் வட்டமாக எழுந்த இந்நகரியத்துக்கு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் தத்தம் மொழி நூல்களோடு வந்து சேர்ந்தன. 1998-இல் நிறுவனம் தொடங்கிய புத்தகக் கண்காட்சி சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகளையும் நூலின்பால் ஈர்த்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் பங்கு நூலகத்தை நான் பார்த்துவருகிறேன். நூலகம் என்றால் இரண்டு இரும்பு அலமாரிகளும் ஒரு பதிவேடும்தாம். புனிதர் வரலாறுகளும் மறையுரைத் தொகுப்புகளும் சிறுவர் கதைகளுமே அதிகமாக இரவல் போகும். ஆனால் அண்மைக் காலமாக இளைஞர் சிலர் வேறொரு வகை நூலைக் கேட்டு வருகின்றனர். கைப்பேசியில் கண்ட காணொளிகளால் தூண்டப்பட்டு, 'கபாலா' பற்றியும் மேலைநாட்டுச் சடங்கு மாந்திரீகம் பற்றியும் எதைப் படிக்கலாம் என்று வினவுகின்றனர்.

கபாலா என்றதும் நமக்குக் கபாலமும் கபாலீசுவரரும் நினைவுக்கு வரலாம். அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இஃது எபிரேயச் சொல். 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்பது இதன் பொருள். ஆசானிடமிருந்து மாணாக்கன் குருமுகமாகப் பெற்றுக்கொண்ட யூத மறைஞானமே கபாலா. இறைவன் எல்லையற்றவர், எண்ணத்துக்கு எட்டாதவர். அவரை 'ஏன் சோஃப்', அதாவது முடிவற்றவர் என்று அம்மரபினர் அழைத்தனர். அவர் படைப்போடு உறவாடும் வழிகளை ஞானம், இரக்கம், நீதி, அழகு என்பன போன்ற பத்துப் பண்புகளாக வகுத்து, ஒரு மரத்தின் வடிவில் எண்ணிப் பார்த்தனர். இம்மரபின் தலையாய நூலாகிய 'சோஹார்' 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டின் காஸ்தீல் பகுதியில் வெளிப்பட்டது. நமக்கு இது முற்றிலும் தொலைவான செய்தியும் அன்று. கொச்சியின் மட்டாஞ்சேரியில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நெகேமியா மோத்தா என்ற கபாலா அறிஞரின் கல்லறை இருக்கிறது. யூதர் மட்டுமின்றிப் பிற சமயத்தவரும் அங்கு மெழுகுதிரி ஏற்றி வணங்குவதுண்டு.

இதில் மாந்திரீகம் எங்கிருந்து வந்தது? இறைப்பெயர்களையும் எழுத்துகளையும் கொண்டு காரியம் சாதிக்க முயன்ற 'செயல்முறைக் கபாலா' யூத மரபுக்குள்ளும் இருந்தது. அதற்கு எதிராக எச்சரித்தவர்களும் அம்மரபின் ஆசான்களே. ஆனால் இன்று கைப்பேசி வழியாக நம் பிள்ளைகளை வந்தடைவது பெரும்பாலும் அதுவும் அன்று. அதனுடைய நெடுந்தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரு நிகழ்ச்சி வழியாக இதை விளக்குகிறேன். ஐ.டி.ஐ. முடித்துப் பணியில் இருந்த இளைஞர் ஒருவர், ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நூலக அறைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து மூன்று நூல்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், இதுல எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

"எதுக்காகப் படிக்கணும்னு நினைக்கிறீங்க, தம்பி?" என்று கேட்டேன்.

நெடுநேரம் பதில் இல்லை. பின்னர்ச் சொன்னார். அவருடைய தம்பி ஆறு மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் இறந்துபோனான். அன்று காலையில் வண்டிச் சாவிக்காக இருவருக்கும் சண்டை. "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் அதற்குப் பின் முழிக்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை அவன்கிட்ட பேசணும் சார். புத்தகத்துல வழி இருக்குன்னு சொல்றாங்க."

இறந்தோரை அழைப்பது பாவம் என்று உடனே சொல்லியிருக்கலாம். அது மறைக்கல்வி வகுப்பில் அவரும் கற்றதுதான். ஆனால் அவர் கேட்டது நூலைப் பற்றி. எனவே நூல்களைப் பற்றியே முதலில் பேசுவோம் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன்.

முதலாவது, நடைபாதைக் கடையில் வாங்கிய மெல்லிய தமிழ்ப் புத்தகம். வசியம், மோகனம், தம்பனம், மாரணம் என நீளும் அட்டகருமங்களைச் சக்கரங்களோடு விவரித்தது. தொகுத்தவர் பெயர் இல்லை. சித்தர் அருளியது என்று மட்டும் அட்டையில் இருந்தது. இரண்டாவது, சாலமோன் அரசரின் பெயரைத் தாங்கிய ஆங்கில நூல். அதில் 72 ஆவிகளின் பெயர்களும், அவற்றை அழைத்து அடக்கும் முறைகளும் உள்ளன. சாலமோனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 17-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளிலிருந்து மேதர்ஸ் என்பவர் உருவாக்க, அலிஸ்டர் குரோலி என்பவர் 1904-இல் அச்சிட்ட பதிப்பின் மறுபதிப்பு அது. மூன்றாவது, டயன் ஃபார்ச்சூன் என்ற புனைபெயர் கொண்ட ஆங்கிலப் பெண்மணி 1935-இல் வெளியிட்ட, கபாலா பற்றிய நூல். முந்தைய இரண்டையும்விடப் பொறுப்போடு எழுதப்பட்டதுதான். எனினும் அது யூதத் தொழுகைக்கூடத்திலிருந்து வந்ததன்று. லண்டன் மாநகரின் மாந்திரீகக் குழுக்களின் வழியில் வந்தது.

கபாலா என்னும் ஒரே பெயரின்கீழ் மூன்று வெவ்வேறு நூலகங்கள் உள்ளன என்று அவருக்குச் சொன்னேன். முதலாவது, யூதர்களுடையது. இரண்டாவது, கிறிஸ்தவ அறிஞர்களுடையது. இத்தாலியரான பீக்கோ தெல்லா மிராந்தோலா 1486-இல் வெளியிட்ட 900 கருத்துரைகளில் கபாலாவைக் கிறிஸ்தவ உண்மைக்குச் சான்றாகக் காட்ட முயன்றார். செருமானியரான ரோய்க்லின் 1517-இல் கபாலாக் கலை பற்றிய தம் நூலைத் திருத்தந்தை பத்தாம் லியோவுக்குக் காணிக்கையாக்கினார். மூன்றாவது, 19-ஆம் நூற்றாண்டு மாந்திரீகர்களுடையது. குருத்துவப் பயிற்சியில் திருத்தொண்டர் நிலைவரை சென்று விலகிய அல்போன்ஸ் லூயி கான்ஸ்தான் என்ற பிரெஞ்சுக்காரர், எலிஃபாஸ் லேவி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 22 எபிரேய எழுத்துகளை டாரட் சீட்டுகளோடு இணைத்தார். 1888-இல் லண்டனில் தோன்றிய 'பொன் விடியல்' சங்கம் அதை ஒரு முழுப் பயிற்சி முறையாக்கியது. ஆங்கிலத்தில் இம்மூன்றையும் அடையாளம் காண எளிய வழியொன்று உண்டு. யூத மரபைப் பேசுவோர் அச்சொல்லைக் 'கே' என்ற எழுத்திலும், கிறிஸ்தவக் கபாலாவைப் பேசுவோர் 'சி' என்ற எழுத்திலும், மாந்திரீக மரபினர் 'கியூ' என்ற எழுத்திலும் தொடங்கி எழுதுவது பெருவழக்கு. எப்போதும் பொருந்தும் விதியன்று, ஆனாலும் கடையில் நிற்பவருக்கு உதவும்.

அடுத்து நான் அவருக்குச் சொன்னது, நூல் நம்மிடம் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை. பழைய யூத ஆசான்கள், எசேக்கியேல் கண்ட தேர்க் காட்சியைத் தானாக உணரும் ஞானம் உடையவனுக்கன்றி வேறெவனுக்கும் தனித்து விளக்கலாகாது என்றனர். நால்வர் அந்த மறைஞானத் தோட்டத்துக்குள் நுழைந்ததாகவும், ஒருவர் இறக்க, ஒருவர் மதி கலங்க, ஒருவர் நெறி பிறழ, அக்கிவா என்னும் ஆசான் மட்டுமே அமைதியோடு திரும்பியதாகவும் தால்முது கூறுகிறது. பிற்காலத்தில் நாற்பது வயது நிரம்பியோரே கபாலா கற்கலாம் என்ற கட்டுப்பாடும் எழுந்தது. கட்டளைகளைக் கடைப்பிடிப்பவர், குடும்பப் பொறுப்பு ஏற்றவர், மறைநூலைக் கற்றுத் தேர்ந்தவர் ஆகியோருக்கே அக்கதவு திறந்தது. நடைபாதைப் புத்தகம் கேட்பதோ விலை மட்டும்.

நெய்வேலியில் வாழ்கிறவருக்கு இதைப் புரியவைப்பது கடினமன்று. இங்கே பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் இறைத்து அதன் அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். ஆழத்தில் செல்வம் இருக்கிறது என்பதற்காக எவரும் மண்வெட்டியோடு தனியே இறங்குவதில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகனாகிய அந்த இளைஞர் இதைக் கேட்டுத் தலையசைத்தார்.

இன்னொரு செய்தியும் அவருக்குப் புதிதாக இருந்தது. பொன் விடியல் சங்கத்தின் திறமை மிக்க மாந்திரீகருள் ஒருவர் ஆலன் பெனட். குரோலிக்கே பயிற்சி அளித்தவர். அவர் 1900-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். சடங்குகளையும் மந்திர நூல்களையும் கரைத்துக் குடித்த அவர், அங்கே பொன்னம்பலம் இராமநாதன் என்னும் தமிழரிடம் யோகம் பயின்றார். சைவராகிய அதே இராமநாதன்தான், 'பரானந்தர்' என்ற பெயரில் மத்தேயு நற்செய்திக்கு 1898-இலும் யோவான் நற்செய்திக்கு 1902-இலும் ஆங்கில விளக்கவுரைகள் வெளியிட்டவர். பெனட் பின்னர் மாந்திரீகத்தை விட்டு விலகி, பர்மா சென்று புத்த துறவியானார். அவர் சென்ற வழி நம் வழியன்று. எனினும், ஆவிகளை அடக்கும் கலையைக் கற்றவர் அதில் மனநிறைவு காணாது, வாழும் ஓர் ஆசானையும் ஒரு துறவுக் குழுமத்தையும் தேடிக் கடல் கடந்தார் என்பது எண்ணத்தக்கது. அவரைப் போன்றோர் விட்டுச்சென்ற நூல்களை நாம் இன்று தேடி வாங்குகிறோம்.

பெறுவதும் பிடுங்குவதும் வேறுவேறு. கபாலா என்ற சொல்லின் பொருளே பெற்றுக்கொள்ளுதல். புனித பவுலும் நற்கருணையைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்கிறார். மாந்திரீகமோ பெறக் காத்திருப்பதில்லை. சரியான பெயரும் சரியான நாழிகையும் தெரிந்தால் மறுபுறத்தில் இருப்பவர் வந்தே தீர வேண்டும் என்கிறது. அதனாற்றான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (1992) தன் 2116, 2117 ஆகிய எண்களில் குறி கேட்பதையும், இறந்தோரை அழைப்பதையும், நலம் பெறும் நோக்கத்தோடு செய்யும் மாந்திரீகத்தையும்கூட விலக்குகிறது. அறிவின்மீது கொண்ட அச்சத்தால் அன்று. பிறர்மீதும் காலத்தின்மீதும் ஆதிக்கம் கொள்ள நினைப்பது, இறைவன் ஒருவருக்கே உரிய அன்பும் அச்சமும் கலந்த வணக்கத்துக்கு எதிரானது என்பதால். இதைச் சொல்லும்போது நம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது நாள் செபத்தை ஒரு நாளும் பிசகாமல் சொன்னால் கேட்டது கிடைத்தே தீரும் என்று எண்ணுபவரும், உத்தரியத்தைத் தாயத்தாக அணிபவரும் நம் பங்குகளில் இல்லையா?

சவுல் அரசரின் கதையை அந்த இளைஞருக்கு நினைவூட்டினேன். ஏன்தோரில் குறிசொல்லும் பெண்ணிடம் இரவில் மாறுவேடத்தில் சென்று, இறந்த சாமுவேலை எழுப்பச் சொன்னார் சவுல். அங்கே அவருக்குக் கிடைத்தது ஆறுதல் அன்று, அச்சம். அவர் தரையில் விழுந்து கிடந்தபோது, அந்தப் பெண்தான் கன்றை அடித்து, அப்பம் சுட்டு, உண்ணச் செய்து அனுப்பினாள். அக்கதையில் சவுலுக்கு உண்மையாகவே உதவியது அவள் சமைத்த உணவுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

"அப்ப நான் அவன்கிட்ட பேசவே முடியாதா சார்?" என்று கேட்டார் அவர். அதற்கு நூலில் விடை இல்லை. "அவன்கிட்ட பேச நமக்கு வழி தெரியாது, தம்பி. அவனுக்காகப் பேசத் தெரியும். நீங்க சொல்ல நினைக்கிறதை ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. அவன் அவர்கிட்டதான் இருக்கான்" என்றேன். பிறகு என் அலமாரியிலிருந்து ஒரு சிறு நூலை எடுத்தேன்.

அதை எழுதியவர் மோசே கோர்தொவேரோ. 1522 முதல் 1570 வரை வாழ்ந்தவர். கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த மாபெரும் கபாலா ஆசான். அவர் மறைந்தபின் 1588-இல் வெனிசில் அச்சான அந்நூலின் பெயர் 'தெபோராவின் பேரீச்சமரம்'. லூயி ஜேக்கப்ஸ் 1960-இல் ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார். அதில் மந்திரம் இல்லை, சக்கரம் இல்லை. இறைவனின் இரக்கத்தை மனிதன் தன் வாழ்வில் எவ்வாறு பின்பற்றுவது என்பதே அந்நூலின் பொருள். மனிதன் இறைவனுக்கு எதிராகக் கை ஓங்கும் அந்த நொடியிலும், அக்கை அசைவதற்கான ஆற்றலை இறைவன் நிறுத்திவிடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறார், அவமதிப்பைப் பொறுத்துக்கொள்கிறார் என்று அதன் முதல் இயல் விளக்குகிறது. அந்தப் பகுதியைத் தமிழில் மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். சினத்தில் ஒரு சொல்லை வீசியவருக்கு, வீசிய அந்த நேரத்திலும் தான் கைவிடப்படவில்லை என்று கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. நூலை இரவல் கேட்டார். பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 2-ஆம் நாள், இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாளில், கல்லறைத் தோட்டத்தில் அவரை அவருடைய அன்னையோடு கண்டேன். துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது தீரக்கூடிய துயரமும் அன்று. ஆனால் வீட்டில் எவரிடமும் சொல்லாதிருந்த அந்தக் காலைச் சண்டையை அன்னையிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்த அன்னையோ, "அதுக்கு முந்தின நாளு ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டீங்களே, அது ஞாபகம் இல்லையா?" என்று கேட்டாராம்.

மூன்று நூல்களும் என்னவாயின என்று வாசகர் கேட்கக்கூடும். ஆங்கில நூல்கள் இரண்டும் அவரிடமே இருக்கின்றன. தமிழ்ப் புத்தகத்தை அவரே கிழித்துவிட்டார். எரிக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. எபேசு நகரில் 50,000 வெள்ளிக்காசு மதிப்புள்ள மந்திர நூல்கள் எரிக்கப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கே நூலுக்கு உரியவர்கள் தாமே கொண்டுவந்து எரித்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பவுல் எவர் வீட்டிலும் புகுந்து பறிக்கவில்லை. பின்னாளில், 1242-இல் பாரிசிலும் 1553-இல் உரோமையிலும், கிறிஸ்தவர்கள் பிறருடைய நூலாகிய தால்முதைப் பறித்து எரித்தனர். அது வேறு வகை நெருப்பு. யூத நூல்களைப் பறிக்கலாகாது என்று 1510-இல் கருத்துரைத்த ரோய்க்லின், அதற்காகப் பல ஆண்டுகள் வழக்கில் அலைக்கழிக்கப்பட்டார். இன்று அவர் சொன்னதே சரி என்று நாம் அறிவோம்.

1559-இல் வெளியான தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபை 1966-இல் சட்ட வலிமையற்றதாக்கியது. அன்று முதல், படிக்கத்தக்கது எது என்று தேர்கிற பொறுப்பு பெரிதும் நம் மனச்சான்றின்மீது வந்து சேர்ந்திருக்கிறது. பட்டியல் இருந்தபோது பொதுநிலையினர் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான்: இந்நூல் அதில் உண்டா? இன்று நாம் கேட்க வேண்டியவை பல. இதை எழுதியவர் எந்த மரபில் நிற்கிறார்? கற்பவனிடம் எத்தகைய வாழ்க்கையை எதிர்பார்க்கிறார்? இன்னொருவரின் விருப்பத்தை வளைக்கச் சொல்லித் தருகிறாரா? இதைப் படித்தபின் என் வீட்டாரோடு நான் கூடுதலாகப் பேசுவேனா, குறைவாகப் பேசுவேனா?

கபாலாவை அறிவுத் துறையாக அறிய விரும்புவோர் கெர்ஷோம் ஷோலெம் 1941-இல் வெளியிட்ட, யூத மறைஞானத்தின் முதன்மைப் போக்குகளை ஆராயும் நூலிலிருந்து தொடங்கலாம். சோஹாரையே காண விரும்புவோருக்கு, டேனியல் மாட் தொடங்கி 2017-இல் 12 தொகுதிகளாக நிறைவுற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. வாழ்வுக்கு ஒரு கைந்நூல் வேண்டுவோர் கோர்தொவேரோவைப் படிக்கலாம். அவருடைய காலத்திலேயே ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா நகர்ப் புனித தெரேசாவையும் உடன் வைத்துப் படித்தால் நன்று. யூத மரபிலிருந்து மனம் மாறிய பாட்டனாரின் பேத்தி அவர். 1577-இல் அவர் எழுதிய 'உள்ளத்து மாளிகை'யும் ஆழத்துக்குள் படிப்படியாக அழைத்துச் செல்லும் நூல்தான். அம்மாளிகையின் வாயில் செபம் என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளையின் தலையணைக்கு அடியில் இத்தகைய நூலொன்றைக் கண்டால், உடனே சினந்து அதைப் பறிக்காதீர்கள். அருகில் அமர்ந்து, அதில் எதைத் தேடுகிறாய் என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகும். காத்திருங்கள்.